‘இரண்டாவது மானிட்டரைக் கழற்றிப் பார்’: ஓர் அறிவுரையின் வரலாறு

சற்றே நீண்ட பதிவு. மொழியியல் எதிர்பார்த்து வரும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அது கடைசியில்தான் வருகிறது.

சென்ற மாதம், ஹைதராபாத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில் அடுத்த அறைத் தம்பி ஒருவன் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினான். “அண்ணா, கேம் பயங்கரமா லேக் அடிக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.” நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன நிகழ்ந்தது என்று விசாரித்தேன். படிப்பை முடித்து ஊருக்குப் போன ஒருவர் விட்டுச்சென்ற பழைய மானிட்டரை அவன் தன் மடிக்கணினியோடு இணைத்திருந்தான். மடிக்கணினித் திரையில் விளையாட்டு; பழைய மானிட்டரில் கிரிக்கெட் நேரலை. நான் காரணம் ஆராயத் தொடங்குவதற்குள் அவனுடைய அறைத்தோழன் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்பளித்துவிட்டான்: “ரெண்டாவது மானிட்டரக் கழட்டிப் பாரு.” கழற்றினான். விளையாட்டு சீராக ஓடியது.

காரணம் தெரியாத தீர்வு எனக்கு உறக்கம் தராது. அதே வாரத்தில் என் ஆய்வுக்கூடத்திலும் ஓர் இரண்டாவது மானிட்டர் என்னைக் கைவிட்டிருந்தது என்பதால் அக்கறை இருமடங்காயிற்று. அந்த அறிவுரை சரியா என்பதன்று என் கேள்வி. அது எப்போதிலிருந்து சரியாக இருக்கிறது, ஒவ்வொரு காலத்திலும் எதனால் சரியாக இருந்தது என்பதே. தேடிப் படித்ததில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரே அறிவுரை வெவ்வேறு காரணங்களுக்காகப் பலித்துவந்திருப்பது தெரிந்தது.

முதலில் ‘லேக்’ என்னும் சொல். நம் இளைஞர்கள் இச்சொல்லால் குறிப்பவை குறைந்தது மூன்று. ஒரு நொடியில் திரையேறும் சட்டகங்களின் எண்ணிக்கை குறைவது ஒன்று. எண்ணிக்கை குறையாமல், சட்டகங்களுக்கு இடையிலான கால இடைவெளி ஒழுங்கற்றுப் போவது இன்னொன்று. விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தோன்றுவதற்கும் இடையே தாமதம் கூடுவது மூன்றாவது. மருத்துவரிடம் போய் ‘மேலுக்கு முடியல’ என்று சொல்வதைப் போன்றதே ‘லேக் அடிக்குது’ என்பதும். துன்பம் உண்மை, நோய் எதுவென்று அச்சொல்லிலிருந்து அறிய இயலாது. இம்மூன்றையும் பிரித்தறியக் கணினித் துறைக்கே நெடுங்காலம் ஆயிற்று.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதற்கு இருவகைத் திரை அட்டைகள் இருந்தன. எழுத்துகளை மட்டும் காட்டும் எம்.டி.ஏ. ஒன்று, வண்ணமும் வரைகலையும் காட்டும் சி.ஜி.ஏ. மற்றொன்று. இரண்டும் நினைவக முகவரிகளில் வெவ்வேறு இடங்களைப் பிடித்ததால் ஒரே பெட்டியில் இரண்டையும் செருக முடிந்தது. நிரலாளர்கள் இதை விரைவில் பயன்படுத்திக்கொண்டனர். வண்ணத் திரையில் நிரல் ஓடும். பச்சை எழுத்துத் திரையில் அந்நிரலின் பிழைகளைத் துருவும் கருவி ஓடும். ஆக, இரண்டாவது திரை கணினிக்குள் நுழைந்த தொடக்க நாள்களில் அது கோளாற்றைக் கண்டறியும் கருவியாகவே இருந்தது. அதுவே கோளாறாக மாறியது பின்னர்.

மாறிய விதம் சுவையானது. 1984இல் வந்த ஏ.டி. வகைக் கணினி, தரவை 8 பிட்டாக அன்றி 16 பிட்டாகவும் கடத்தவல்லது. ஆனால் நினைவகத்தின் ஒரு பகுதிக்கு எந்த அகலத்தில் கடத்துவது என்பதை அது 128 கிலோபைட் கொண்ட தொகுதி தொகுதியாகவே முடிவுசெய்தது. 1987க்குப் பின் பரவிய வி.ஜி.ஏ. அட்டைகளில் 16 பிட் வகைகள் வந்தபோது, அவற்றின் நினைவகமும் பழைய எழுத்து அட்டையின் நினைவகமும் அதே 128 கிலோபைட் தொகுதிக்குள் அமைந்தன. பழையதோ 8 பிட் அட்டை. ஒரு தெருவில் ஒரு வீட்டின் வாசல் குறுகியது என்பதற்காகத் தெருவுக்குள் வரும் வண்டிகள் அனைத்தும் சிறியனவாக இருக்கவேண்டும் என்று விதித்தாற்போல, புதிய அட்டையும் 8 பிட்டுக்கு இறங்கியாக வேண்டியிருந்தது. ஒரே நடையில் முடியவேண்டிய வேலைக்கு இரு நடை. வரைகலை மெதுவாகிவிட்டது. அன்றைய பயனருக்கு உரிய தீர்வு இரண்டாவது அட்டையைக் கழற்றுவதே. என் விடுதித் தம்பியின் தோழன் அன்று இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பான், சரியாகவே சொல்லியிருப்பான்.

ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் 2 கணினி 1987இலேயே பல திரைகளை ஒரே மேசைப்பரப்பாக விரித்துக்காட்டியது. எனினும் விளையாட்டின் வரலாறு பெரிதும் ஐ.பி.எம். வழிவந்த கணினிகளில் நிகழ்ந்தது. 1993 டிசம்பரில் வெளியான ‘டூம்’ இங்கே குறிப்பிடத்தக்கது. அது பயன்படுத்திய வி.ஜி.ஏ. திரைமுறை நொடிக்கு ஏறத்தாழ 70 முறை புதுப்பிக்கப்பட்டது. விளையாட்டோ நொடிக்கு 35 சட்டகங்களுக்கு மேல் போகாது. எழுபதில் சரிபாதி. ஒவ்வொரு சட்டகமும் திரையில் சரியாக இருமுறை காட்டப்படும். கண்ணுக்கு ஒழுங்கு கெடாது. இதே விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில் மூன்று திரைகளை இணைக்கும் வசதியும் இருந்தது: நடுவில் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. அதற்கு மூன்று கணினிகளை வலையமைப்பால் இணைக்கவேண்டும். ஒரு கணினிக்கு ஒரு திரை என்பதால் ஒன்றன் சுமை மற்றொன்றின் தலையில் விழவில்லை. மூன்று கணினிகள் வைத்திருந்தோர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்! அவ்வசதி அடுத்தடுத்த பதிப்புகளில் நீக்கப்பட்டது.

1998இல் விண்டோஸ் 98 ஒன்பது திரைகள் வரை இணைக்க இடமளித்தது. மறு ஆண்டு மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 அட்டை, ஒரே அட்டையிலிருந்து இரு திரைகளை இயக்கியது. இக்காலத்தில் விளையாட்டுகள் முழுத்திரையையும் தனியுரிமையாக எடுத்துக்கொண்டன. மற்றத் திரை பெரும்பாலும் வாளா கிடந்தது. தன் விருப்பம்போல் கிடந்த திரையால் பெருந்தொல்லை இல்லை.

தொல்லை 2007 ஜனவரியில் வந்தது. விண்டோஸ் விஸ்டாவில் ‘டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்’ என்னும் இடைத்தரகர் ஒருவர் பதவியேற்றார். அதுவரை ஒவ்வொரு நிரலும் திரையில் தானே வரைந்தது. இனி ஒவ்வொன்றும் தன் சாளரத்தை மறைவில் வரைந்து தரவேண்டும். அனைத்தையும் தொகுத்துத் திரையேற்றுவது இடைத்தரகர் பொறுப்பு. சாளரங்கள் கிழிந்து தோன்றும் குறை இதனால் நீங்கியது. கண்ணாடிபோன்ற அழகும் வந்தது. ஆனால் தொகுப்பவர் ஏதேனும் ஒரு துடிப்பை ஒட்டியே தொகுத்தாக வேண்டும். எல்லோர் திரையும் 60 ஹெர்ட்ஸாக இருந்தவரை எந்தத் துடிப்பு என்ற கேள்வியே எழவில்லை.

(இந்த 60 அமெரிக்க மின்விநியோகத்தின் எண். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1982இல் வண்ணம் பெற்ற நம் தொலைக்காட்சியும் 50தான். ஆயினும் நம் மேசைமீது இருக்கும் கணினித் திரை 60. மின்கம்பியில் ஓடாத ஓர் அயல்நாட்டுத் துடிப்பைத் தினமும் கண்ணால் உண்டு வாழ்கிறோம் என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. சொற்கடன் மட்டுமே கடனன்று.)

2009 வாக்கில் 120 ஹெர்ட்ஸ் தட்டைத்திரைகளும், 2012 வாக்கில் 144 ஹெர்ட்ஸ் திரைகளும் விளையாடுவோரிடம் வந்துசேர்ந்தன. புதியதை வாங்கியவர் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையைத் தூக்கியெறியவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டார். அங்குதான் முடிச்சு விழுந்தது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.94 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுச்சட்டகம் வேண்டும்; 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறை. ஒன்றில் பன்னிரண்டு அடி விழும் நேரத்தில் மற்றொன்றில் ஐந்து. இரண்டுக்கும் ஒருவரே தாளம் போடவேண்டும் என்றால் ஏதேனும் ஒன்றில் தப்பும். சாளரத்துக்குள் ஓடும் விளையாட்டு விரைவுத் திரையிலும் காணொளி மெதுதிரையிலும் இருந்தால், விரைவுத் திரை தட்டுத்தடுமாறியது. மெதுதிரையில் அசைவு ஏதும் இல்லையெனில் தடுமாற்றமும் இல்லை. பலரும் கோளாற்றைப் பிடிக்கத் தவறியதற்கு இதுவே காரணம் எனக் கருதுகிறேன். மானிட்டரை இணைத்த உடனே வராமல், அதில் ஏதேனும் ஓடும்போது மட்டும் வந்தது.

அக்காலத்தில் பயனர்களிடையே உலவிய கைவைத்தியங்களை இன்று பார்த்தால் அவற்றின் துல்லியம் வியப்பளிக்கிறது. 144ஐ 120ஆகக் குறை என்றார்கள். 120 என்பது 60இன் இருமடங்கு. இணைய உலாவியில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்து என்றார்கள். காணொளியின் சுமை கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்து இறங்கும். விண்டோஸ் 7இல் ‘ஏரோ’வை அணை என்றார்கள், அணைத்தால் இடைத்தரகரே விலகிவிடுவார். காரணம் சொல்லத் தெரியாதவர்கள் கண்டறிந்த, காரணமுள்ள தீர்வுகள். 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இடைத்தரகரை விலக்கவே முடியாது என்றாயிற்று. ஒரு கைவைத்தியம் ஒரே நாளில் செத்துப்போனது. ஆயினும் அதைப் பரிந்துரைப்பது பல ஆண்டுகள் நிற்கவில்லை. வழக்கிறந்த சொல் பழமொழியில் மட்டும் உயிர்வாழ்வதை ஒத்த நிலை. இம்முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது 2020 மே மாதம் வந்த, ‘2004’ என்று எண்ணிடப்பட்ட விண்டோஸ் 10 பதிப்பு. அதன்பின் திரைகள் தத்தம் துடிப்பில் இயங்கலாயின. விஸ்டாவிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள்.

இடையில் வேறொரு கதையும் நடந்தது. சட்டகங்களை எண்ணினால் போதாது என்பதை உலகம் கற்றுக்கொண்டது அதில்தான்.

2009 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் ரேடியான் எச்.டி. 5870 அட்டையோடு ‘ஐஃபினிட்டி’ என்னும் வசதியை அறிமுகப்படுத்தியது. மூன்று திரைகளை ஒட்டி ஒரே அகன்ற திரையாக்கி அதில் விளையாடலாம். அழகுதான், கணக்கு பார்த்தால் மூச்சுமுட்டும். ஒரு முழு எச்.டி. திரையில் 20,73,600 பிக்சல்கள், மூன்றில் 62,20,800. சட்டக வீதம் விழுவது இயல்பு. இங்கே மானிட்டரைக் கழற்றினால் விளையாட்டு விரையும் என்பதற்கு எந்த மறைபொருளும் இல்லை. சுமை மூன்றில் ஒன்றாகிறது. சுமையைத் தாங்கப் பலர் இரு கிராஃபிக்ஸ் அட்டைகளை இணைத்தனர். ஒரு சட்டகம் இவ்வட்டை, மறுசட்டகம் அவ்வட்டை எனப் பங்கிட்டு வரையும் முறை. எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் விளையாடியவர்கள், எண் உயர்ந்தபின்னும் ஏதோ இடறுகிறது என்று முறையிட்டுக்கொண்டே இருந்தனர். எண்ணைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்களை நம்பவில்லை.

2011 செப்டம்பரில் ‘தி டெக் ரிப்போர்ட்’ தளத்தில் ஸ்காட் வாசன் எழுதிய கட்டுரை நம்பியது. நொடிக்கு எத்தனை சட்டகம் என்று கேட்பதை விட்டு, ஒவ்வொரு சட்டகமும் எத்தனை மில்லிநொடி எடுத்துக்கொண்டது என்று அவர் வரைபடமாக்கினார். ஒரு நொடியில் 60 சட்டகங்கள் வந்தன என்பது உண்மையாக இருக்கலாம். அவற்றுள் 59 முதல் அரைநொடியில் வந்து, கடைசி ஒன்றுக்காக மீதி அரைநொடி முழுதும் காத்திருந்தாலும் கணக்கு 60தான். ஆதி தாளத்தில் எட்டு அடியும் போட்டுவிட்டேன் என்று மிருதங்கக்காரர் சொன்னால் போதுமா? எங்கெங்கே போட்டார் என்பதன்றோ கேள்வி.

2013இல் என்விடியா தந்த ஒரு கருவி இதை மேலும் தெளிவாக்கியது. ஒவ்வொரு சட்டகத்தின் இடது ஓரத்திலும் ஒரு நிறப்பட்டை பூசி, திரைக்கு உண்மையில் போய்ச்சேரும் சமிக்ஞையைப் பதிவுசெய்து, நிறங்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்க்கும் முறை. போட்டி நிறுவனம் தந்த கருவி என்பதால் ஐயம் எழுந்தது இயல்பே, முடிவுகள் நிலைத்தன. ஏ.எம்.டி.யின் இரட்டை அட்டை அமைப்பில் சில சட்டகங்கள் ஒருசில வரிகள் உயரமே கொண்ட கீற்றுகளாகத் திரையில் தோன்றின. ஆனால் முழுச்சட்டகங்களாக எண்ணப்பட்டன. மூன்று திரை அமைப்பில் நிலைமை இன்னும் மோசம்: சில நிறங்கள் திரைக்கு வரவே இல்லை. வரைந்த சட்டகம் எண்ணப்பட்டது, காட்டப்படவில்லை. ஏ.எம்.டி. குறையை ஒப்பி 2013 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. அத்திருத்தம் ஒற்றைத் திரைக்கு மட்டும். மூன்று திரைக்காரர்கள் 2014 தொடக்கம்வரை காத்திருந்தனர். இரு அட்டைகளையும் இணைத்த சிறுபாலம் அத்தனை பிக்சல்களைக் கடத்தப் போதாதது என்பது இடர்ப்பாடுகளுள் ஒன்று. 2013 அக்டோபரில் வந்த ஆர்9 290எக்ஸ் அட்டையில் அப்பாலத்தையே நீக்கிவிட்டு, தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடம் வழியாகக் கடத்தினர்.

எனக்கு இதில் பிடித்த செய்தி தொழில்நுட்பமன்று. கண் சொன்னதை எண் மறுத்தது. கடைசியில் கண்ணே சரி என்று ஆயிற்று. தம் பேச்சைப் பற்றித் தாய்மொழியாளர் சொல்வதைப் பதிவுக்கருவி மறுப்பதாக நினைத்துக் கடந்துபோகும் என் துறையினரை இது நினைவூட்டியது. இருக்கட்டும்.

விடுதித் தம்பிக்கு வருகிறேன். அவனுடைய விண்டோஸ் புதியது. 2020க்கு முந்தைய முடிச்சு அதில் இல்லை. ஒரே ஒரு அட்டைதான். கீற்றுச் சட்டகச் சிக்கலும் இல்லை. அவனுக்கு உற்றது மூன்றாவது மரபு. பல மடிக்கணினிகளில் இரண்டு வரைகலைப் பொறிகள் உள்ளன: மின்சாரம் சேமிக்கும் சிறியது ஒன்று, விளையாட்டுக்கான பெரியது ஒன்று. 2010இல் என்விடியா அறிமுகப்படுத்திய ‘ஆப்டிமஸ்’ முறையில் பெரியது வரையும். வரைந்ததைச் சிறியதன் நினைவகத்துக்குப் படியெடுத்து அனுப்பும். சிறியதே மடிக்கணினித் திரைக்குக் காட்டும். ஆனால் எச்.டி.எம்.ஐ. துளை பல மாதிரிகளில் பெரியதோடு நேராக இணைக்கப்பட்டிருக்கும். அவனுடையதும் அவ்வகை. விளையாட்டு பெரியதிலிருந்து சிறியதற்குப் பயணம் செய்தது. உலாவியின் கிரிக்கெட்டோ சிறியதிலிருந்து பெரியதற்கு. குறுகிய சந்தில் எதிரெதிராக இரண்டு தேர்கள்.

கழற்ற வேண்டாம், இடம் மாற்று என்றேன். விளையாட்டு பழைய மானிட்டருக்கு. கிரிக்கெட் மடிக்கணினித் திரைக்கு. எதிர்ப்பயணம் நின்றது. “ஆனா 144 போய் 60 ஆயிடுச்சே அண்ணா” என்று முகம் சுளித்தான். இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். மூன்றாம் நாள் கேட்டபோது, என்ன கேட்கிறேன் என்பதே அவனுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

இனி என் ஆய்வுக்கூடம். ‘மரத்தில்’ என்னும் சொல்லை வாசிக்கும்போது நம் மனம் ‘மரம்’ என்பதை எவ்வளவு விரைவில் பிரித்தெடுக்கிறது என்பது என் கேள்விகளுள் ஒன்று. இதற்கு ஒரு முறை உண்டு. ஒரு சொல்லை 50 மில்லிநொடி மட்டும் காட்டி, உடனே மற்றொன்றால் மறைத்துவிடுவோம். பங்கேற்பவர் அதைக் கண்டதாக உணரமாட்டார். ஆனால் அடுத்து வரும் சொல்லை அறிய அவர் எடுக்கும் நேரம் மாறும். 50 மில்லிநொடி என்பது 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக மூன்று சட்டகங்கள். ஒரு சட்டகம் நழுவினால் 67. அப்போது சொல் கண்ணில் படக்கூடும். பட்டால் சோதனையின் அடிப்படையே போயிற்று.

நான் வெளியிலிருந்து கண்காணிக்க வசதியாக ஓர் இரண்டாவது மானிட்டரை இணைத்திருந்தேன். அது 75 ஹெர்ட்ஸ். இத்தகைய சோதனைகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் சைக்டூல்பாக்ஸ் என்னும் மென்பொருளின் கையேடு, பல திரை அமைப்பில் நேரக்கணக்கு பிறழக்கூடும் என்று எச்சரிக்கிறது. வாசித்திருக்கிறேன், கடந்துபோயிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சராசரிக் காட்சிநேரத்தை மட்டும் பார்த்தேன். 51 மில்லிநொடி. அருமை என்று குறித்துவைத்தேன். இருபத்திரண்டாவது பங்கேற்பாளர், சிக்கந்தராபாத்தில் தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, முடித்துவிட்டு எழுந்தபோது கேட்டார்: “தம்பி, நடுவுல ‘மரத்தில்’னு ஒண்ணு மின்னிட்டுப் போச்சே, அது எதுக்கு?”

அன்றிரவு பதிவேட்டை வரிவரியாகத் திறந்தேன். நூற்றுக்கு எட்டுக் காட்சிகளில் ஒரு சட்டகம் நழுவியிருந்தது. மீதி தொண்ணூற்றிரண்டும் சரியாக இருந்ததால் சராசரி 51. வாசனின் கட்டுரையைப் படித்துப் பாராட்டியவன், அவர் சுட்டிக்காட்டிய தவற்றைத் தமிழ்த் தரவில் நானே செய்துகொண்டிருந்தேன். பிறழ்ந்த காட்சிகளை மட்டும் நீக்கினால் போதாதா என்று சிலர் கேட்டனர். போதாது. மறைந்திருக்கும் சொல்லை ஒருமுறை கண்டவர் அடுத்த காட்சியிலிருந்து அதைத் தேடத் தொடங்குவார். இருபத்திரண்டு பேரின் தரவையும் ஒதுக்கிவிட்டேன். இவ்வூரில் தமிழில் சரளமாக வாசிப்போரை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து அழைத்துவந்த நான்கு மாதங்கள் அவை.

இப்போது ஆய்வுக்கூடத்தில் ஒரே திரை. நான் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கிறேன். வரும் திங்கள் முதல் மீண்டும் தொடங்குகிறோம்; ஒருவருக்கு நாற்பத்தைந்து நிமிடம், போக்குவரத்துச் செலவு தரப்படும். ஹைதராபாத், சிக்கந்தராபாத் பகுதியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த உறவினரோ நண்பரோ இருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். இப்பதிவை வாசித்துவிட்ட நீங்கள் பங்கேற்க இயலாது. எந்தச் சொல் மறைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களிடமும் சொல்லிவிடாதீர்கள்.